கடைசி சீட்டு வைத்தியம்

வாந்தி எடுப்பவர்களைக் கண்டக்டரம்மாவுக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்வது. முப்பத்தொரு வருஷம் ஒரே மலைப்பாதை பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள் அவள். அந்த வருஷங்களில் மனித குலத்தை இரண்டே ரகமாகப் பிரித்து வைத்திருந்தாள்: வயிற்றை அடக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். இரண்டாவது ரகத்தில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் உண்டு, மீசை முறுக்கிய போலீஸ்காரர் உண்டு, கண்ணாடி பார்த்துப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு வந்த மாப்பிள்ளை உண்டு. மூன்றாவது வளைவு வந்தால் எல்லோரும் ஒரே மாதிரி பையைத் தேடுவார்கள்.

ஏறும்போதே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். எலுமிச்சம்பழத்தோடு ஏறுகிறவன் நிச்சயம் எடுப்பான். "எனக்கெல்லாம் பஸ் பழக்கம்தான்" என்று கேட்காமலே சொல்கிறவன் அவனுக்கும் முன்னால் எடுப்பான். அப்படி யாரைக் கண்டாலும் கண்டக்டரம்மா கட்டை விரலைப் பின்பக்கம் காட்டுவாள். "கடைசி சீட்டு. போ. அதான் மருந்து." கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சத்தம் வரும். "பார்த்தியா, மூஞ்சியைப் பார்த்தப்பவே சொன்னேன்ல" என்று டிரைவரிடம் சொல்வாள். இந்த ஞானத்தை மெச்சித்தான், ஓய்வு பெறுவதற்கு முந்தைய எட்டு வருஷமும் புதுக் கண்டக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையையும் அவள் தலையில் கட்டினார்கள். அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

இப்போது அந்த இரண்டாவது ரகம் மருமகளாகவே வீட்டுக்குள் வந்து, ஐந்து மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தது.

மருமகள் வேதியியல் படித்தவள். மலைமேல் இருக்கும் அணையின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் பரீட்சை எழுதி, மூன்று வருஷம் காத்துக் கிடந்து, போன வாரம்தான் உத்தரவு வந்தது. இன்ன தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு வேலை. தவணை கேட்டு எழுதிப் பார்த்தாள். முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது.

மகனுக்கு ஆலையில் லீவு இல்லை. லீவு கேட்க வாயும் இல்லை என்பது கண்டக்டரம்மாவின் கணிப்பு. அவனால் முடிந்தது, ஆளாளிடம் யோசனை கேட்டு வந்து ஒப்பித்ததுதான். பக்கத்து வீட்டுக்காரி இஞ்சி என்றாள். அவன் அக்கா போனில், மணிக்கட்டில் இறுக்கமாக ஒரு பட்டை கட்டிக்கொண்டால் வராது என்றாள். ஆலையில் ஒரு நண்பன் காய்ந்த பிஸ்கட் என்றானாம்.

"பிள்ளை பெத்திருக்கானா உன் ஃப்ரெண்டு?" என்று கேட்டாள் கண்டக்டரம்மா. "நான் எட்டாம் மாசம் வரைக்கும் நின்னுக்கிட்டே டூட்டி பார்த்தேன். உன்னை வயித்துல வெச்சுக்கிட்டு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயைப் பொத்தியிருப்பேனா? எல்லாம் மனசுதான். நானே கூட்டிட்டுப் போறேன், விடு."

கூட்டிக்கொண்டு போக அவள் முன்வந்ததைப் பாசம் என்று மகன் நினைத்தான். அவன் அப்படித்தான் நினைப்பான். அவள் கணக்கு வேறு. கடைத்தெருவுக்கு ஆட்டோவில் போனாலே வாயில் துண்டை வைத்துக்கொள்கிற பெண் தினமும் மலைமேல் வேலைக்குப் போய்க் கிழித்துவிடுவாளா? பாதி வழியில் அவள் வாயாலேயே "வேண்டாம் அத்தை, வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லட்டும். சொல்வதைக் காதால் கேட்க வேண்டும். அதற்காகத்தான் விடியற்காலையில் எழுந்து தலை சீவிக்கொண்டு கிளம்பினாள்.

ஆறரை மணி வண்டி. டிரைவர் அவளுக்குப் பழைய ஆள். இருபது வருஷம் அவளோடு அதே பாதையில் ஓட்டியவர். நிதானம் என்பது பட்டப்பெயர். ஆம்புலன்ஸ் பின்னால் வந்து அலறினாலும் அவர் நிதானமாகத்தான் ஒதுங்குவார். கண்டக்டர் அவளிடம் பயிற்சி எடுத்தவன். அவளைக் கண்டதும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மேடம்! வாங்க மேடம்!" என்று குழைந்தான்.

மருமகள் ஏறியதும் கதவுக்குப் பக்கத்து முதல் சீட்டில் உட்கார்ந்தாள்.

"எந்திரி" என்றாள் கண்டக்டரம்மா. "பின்னாடி வா."

"டாக்டர் முன்னாடி உட்காரச் சொன்னாங்க, அத்தை. ரோட்டைப் பார்த்துக்கிட்டே போனா குமட்டாதாம்."

"அந்த டாக்டரம்மா எத்தனை வருஷம் பஸ்ல நின்னாங்களாம்?"

மருமகள் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் முப்பத்தொரு வருஷம் நின்னேன். கடைசி சீட்டுல காத்து நேரா மூஞ்சில அடிக்கும். எவன் தொந்தரவும் இருக்காது. வாந்திக்கு அதைவிட மருந்து கிடையாது. எந்திரி, மத்தவங்க ஏறணும்ல."

அந்தக் காலை நேரத்தில், அந்தக் குரலோடு சண்டை போட அந்தப் பெண்ணுக்குத் தெம்பில்லை. எழுந்து போனாள். முன் சீட்டு அந்த நிமிஷமே நிரம்பிவிட்டது.

சமவெளி தாண்டும்வரை ஒன்றும் இல்லை. மருமகள் காய்ந்த பிஸ்கட்டை எலி கொறிப்பதுபோல் கொறித்துக்கொண்டு வந்தாள். "வாயை அசைச்சுக்கிட்டே இருந்தா வராம என்ன செய்யும்" என்றாள் கண்டக்டரம்மா. மலை தொடங்கியது. முதல் வளைவில் மருமகள் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். இரண்டாவதில் கண்ணை மூடினாள். மூன்றாவதில் பையை எடுத்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும்: அவள் எடுத்தது சுத்தமாக எடுத்தாள். ஒரு சொட்டு கீழே விழவில்லை. பையின் வாயைக் கட்டி, இன்னொரு பைக்குள் போட்டு, துண்டால் உதட்டைத் துடைத்து, அடுத்த பையை விரித்துத் தயாராக மடியில் வைத்துக்கொண்டாள். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் கண்டக்டரம்மா மெச்சியிருப்பாள். மருமகள் என்பதால் உதட்டைச் சுழித்தாள்.

"மனசை அடக்கணும். நான் எட்டாம் மாசம் வரைக்கும்..."

"நின்னுக்கிட்டே டூட்டி பார்த்தீங்க" என்றாள் மருமகள், கண்ணைத் திறக்காமல். "நாலாவது தடவை சொல்றீங்க, அத்தை."

பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிற சீட்டு அது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இருவரும் அரையடி எழும்பி விழுந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸின் பின்பாதி அவர்களைத் தனியாகப் பிடித்து ஒரு வீசு வீசியது. முன்னால் இருந்த சீட்டின் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஆறாவது வளைவில் கண்டக்டரம்மாவின் தொண்டையிலேயே ஏதோ புளிப்பாக ஏறி வந்தது. அவளுக்கு அது புது அனுபவம். நேற்று சாப்பிட்டதில் ஏதோ சரியில்லை என்று முடிவு கட்டினாள். எட்டாவது வளைவில் இன்றைய டீசலே மட்டம் என்று தோன்றியது. எந்தக் காலத்திலும் அந்தச் சீட்டில் தான் உட்கார்ந்ததே இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஒன்பதே காலுக்கு வண்டி டீக்கடை முன்னால் நின்றது. கால் மணி நேரம் ஓய்வு. மருமகள் இறங்கும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஐந்து பை தீர்ந்திருந்தது. கடைக்குப் பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் ஒருக்களித்துச் சாய்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. உதடு வெடித்திருந்தது. ஒரு கை வயிற்றின் மேலேயே இருந்தது.

"இன்னும் எத்தனை வளைவு, அத்தை?"

"இருபத்திரெண்டு."

மருமகள் மேலே ஏறும் சாலையைப் பார்த்தாள். பிறகு, "என்னால முடியாது" என்றாள். "குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. வீட்டுக்குப் போயிடலாம்."

இதோ வந்துவிட்டது. விடியற்காலையில் எழுந்து வந்ததே இந்த வார்த்தைக்காகத்தான். கண்டக்டரம்மாவுக்கு உள்ளுக்குள் இனித்தது. இனித்ததை ஒளிக்கவும் அவள் மெனக்கெடவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். "இந்த உடம்பை வெச்சுக்கிட்டு வேலையாம் வேலை. இரு, நம்ம பையை இறக்கச் சொல்லிட்டு வரேன்."

மருமகள் உத்தரவுக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தாள். ஒருவேளை பன்னிரண்டு என்பது வேறு எதுவாகவோ மாறியிருக்குமோ என்பதுபோல. பிறகு அதை மடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. கண்டக்டரம்மா அதைப் பார்க்காத மாதிரி திரும்பி நடந்தாள்.

நிதானம் வண்டியின் முன்பக்கம் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேட்கலாமா? மருமகளைப் பிடிக்கலைன்னா வீட்டுல சண்டை போடுங்க. அதுக்காகப் புள்ளத்தாச்சியைக் கடைசி சீட்டுலயா உட்கார வெப்பாங்க?"

"என்னய்யா உளர்றே? வாந்திக்குக் கடைசி சீட்டுதானே மருந்து?"

நிதானம் அவளை நிமிர்ந்து பார்த்தார். கேலி இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்த சிரிப்பில் டீ பாதி சட்டையில் போயிற்று.

"அடப்பாவமே! அது பஸ்ஸுக்கு நல்லது, அக்கா. வாளித் தண்ணியை ஊத்துனா பின் படி வழியா ஓடிடும், கழுவுறது சுலபம். அதுக்காக அனுப்புறீங்கன்னுல்ல நான் இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன்! நல்லா இருக்கிறவனை அங்க உட்கார வெச்சாலே குடல் வாய்க்கு வந்துடும். பின்சக்கரத்துக்குப் பின்னாடி வண்டி வீசுற வீச்சு அப்படி."

"நான் முப்பத்தொரு வருஷம் இதே வண்டியில..."

"எங்க நின்னீங்க?"

அவள் விரல் தானாக வண்டியின் முன்கண்ணாடியைக் காட்டியது.

"அடிவாரத்துலயே எல்லா டிக்கெட்டையும் போட்டு முடிச்சிட்டுத்தான் வண்டியை மலை ஏற விடுவீங்க. அப்புறம் உச்சி வர்ற வரைக்கும் என் பக்கத்துல, கண்ணாடிக்கு முன்னாடி, ரோட்டைப் பார்த்துக்கிட்டு நிப்பீங்க. எனக்கும் வாந்தி வந்ததில்லை, உங்களுக்கும் வந்ததில்லை. அந்த இடத்துல நின்னா எவனுக்கும் வராது."

"இதை ஏன்யா அப்பவே சொல்லல?"

"உங்க வாய்க்கு யாரு, அக்கா, பதில் சொல்றது?" என்றார் நிதானம், நிதானமாக. "வண்டி சுத்தமா இருந்துச்சு. நமக்கென்னன்னு விட்டுட்டேன்."

கண்டக்டரம்மாவுக்குக் காது இரண்டும் சூடாயிற்று. அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு முந்தைய கண்டக்டர். அவர் மருந்து என்று சொன்னாரா, கழுவச் சுலபம் என்று சொன்னாரா? கழுவச் சுலபம் என்றுதான் சொன்னார். நன்றாக ஞாபகம் இருந்தது. மருந்து என்று சேர்த்துக்கொண்டது அவள்தான். அப்படிச் சொன்னால் ஜனங்கள் முணுமுணுக்காமல் பின்னால் போனார்கள். சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அவளே நம்பிவிட்டாள். முகத்தைப் பார்த்துச் சொன்ன ஜோசியம் பலித்ததெல்லாம் எப்படி என்பதும் இப்போது புரிந்தது. குமட்டுகிற மாதிரி இருப்பவனைக் கொண்டுபோய்க் குமட்டுகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டு, அவன் எடுத்ததும் பார்த்தியா பார்த்தியா என்று குதித்திருக்கிறாள். இத்தனை காலம் அடுத்தவர் வயிற்றைக் கேவலமாகப் பார்த்தவளுக்குத் தன்னையே அப்படிப் பார்க்க வேண்டியிருந்தது. பழக்கமில்லாத வேலை. வலித்தது.

திரும்பிப் பெஞ்சுக்குப் போனாள்.

"எந்திரிம்மா. வண்டி கிளம்பப் போகுது."

"வீட்டுக்குப் போகலாம்னு..."

"வீட்டுக்குப் போறதுக்கும் பஸ்ஸுலதான் போகணும். கீழ போனாலும் எட்டு வளைவு. மேல போனா வேலை இருக்கு. முன் சீட்டுல உட்காரு. டாக்டர் சொன்னதுதான் சரி."

மருமகள் அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். இன்னொரு வைத்தியமோ என்ற பயம் அந்தப் பார்வையில் இருந்தது. ஆனாலும் எழுந்தாள்.

வண்டிக்குள் ஒரு இடம் பாக்கியில்லை. டீக்கடையில் காத்திருந்த கூட்டமும் ஏறி நடுவில் நின்றிருந்தது. காலியாக இருந்தது கடைசி வரிசையில் இவர்களுடைய இடம் மட்டும்தான்; அந்த மருந்தைச் சீந்த ஆளில்லை. மருமகளைக் கண்டதும் கண்டக்டர் கட்டை விரலைப் பின்பக்கம் காட்டினான். அதே கட்டை விரல், அதே காட்டல்.

"மேடம், சிஸ்டரைப் பின்னாடியே அனுப்புங்க."

"அவ முன்னாடி உட்காரட்டும்பா. யாரையாவது மாத்தி விடு."

"என்ன மேடம், நீங்களே இப்படிச் சொல்றீங்க! வாந்தி கேஸுக்குக் கடைசி சீட்டு. நோட்டுல எழுதி வெச்சு மனப்பாடம் பண்ணியிருக்கேன். இதைத் தெரியாதவன் கண்டக்டரே இல்லைன்னு சொன்னது நீங்கதானே?" பஸ் பூராவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். அப்படிப் பேசவும் அவள்தான் கற்றுக்கொடுத்திருந்தாள். "மேடம்தாங்க எனக்கு குரு" என்று பக்கத்தில் நின்றவரிடம் வேறு பெருமையடித்தான்.

என்ஜின் உறுமியது. மருமகள் கம்பியைப் பிடித்தபடி படியருகில் நின்றாள், முடிவு வந்தால் போதும் என்பதுபோல. கண்டக்டரம்மாவுக்கு இரண்டு வழி இருந்தது. பேசாமல் பின்னால் போய்விடலாம். அவள் பெயர் கெடாது, அடுத்த வளைவில் இந்தப் பெண்ணின் வேலை போகும்.

"நான் சொன்னது தப்பு" என்றாள்.

"என்ன மேடம்?" என்ஜின் சத்தத்தில் அவனுக்கு நிஜமாகவே கேட்கவில்லை.

"தப்புடா! நான் சொல்லிக்கொடுத்தது தப்பு! வண்டி கழுவச் சுலபம்னு செஞ்சது அது. மருந்துன்னு சொன்னது பொய். பின்னாடி உட்கார்ந்தா ஜாஸ்தியாத்தான் ஆகும். உன் நோட்டுல அதை அடிச்சிடு. நீ சொல்லிக்கொடுத்தவன் எவனாவது இருந்தா அவன்கிட்டயும் சொல்லு."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்டக்டர் விசிலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கதவோரத்து முதல் சீட்டிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி எழுந்தாள். ஐம்பதைத் தொட்டிருப்பாள்.

"இங்க உட்காரும்மா" என்றாள் மருமகளிடம்.

வேலையில் சேரப் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டு, மருமகள் உட்கார்ந்து சாலையைப் பார்த்தாள். நிதானம் வளைவுகளில் வண்டியைக் கைக்குழந்தை மாதிரி திருப்பினார். இரண்டு தடவை அவள் பையை எடுத்தாள்; இரண்டு தடவையும் கொஞ்ச நேரம் வைத்திருந்து கீழே வைத்தாள். ஒரு பிஸ்கட் கூட உள்ளே போயிற்று. கண்டக்டரம்மாவும் அந்தப் பெண்மணியும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லலாமா என்று கண்டக்டரம்மா யோசித்தாள். அந்த வார்த்தை அவளுக்குச் சட்டென்று வராது.

"என்னைத் தெரியுதா?" என்று கேட்டாள் அந்தப் பெண்மணி.

"இல்லையே."

"தெரியாதுதான். பின்னாடி உட்கார்ந்தவங்களை நீங்க எங்க பார்த்தீங்க." கோபமில்லாத குரல். பஸ் எப்போது வரும் என்று விசாரிப்பவள் மாதிரி பேசினாள். "இருபத்தஞ்சு வருஷம் இருக்கும். தினமும் உங்க காலை வண்டியிலதான் வேலைக்குப் போவேன். மூத்தவ வயித்துல, நாலாம் மாசம். முன்னாடி ஒரு ஓரமா நின்னுக்கறேன்னு உங்ககிட்ட கேட்டேன். பின்னாடி போ, அதான் மருந்துன்னீங்க. ரெண்டு மாசம் தினம் மருந்து சாப்பிட்டேன். பஸ்ஸுல எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாங்க. எல்லாம் மனசுதான்னு வேற சொன்னீங்க."

"அப்புறம்?"

"வேலையை விட்டுட்டேன்."

நான் எட்டாம் மாசம் வரைக்கும் என்ற வார்த்தைகள் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்தன. கண்டக்டரம்மா வாயை மூடிக்கொண்டாள். வேறு வண்டியில் போயிருக்கலாமே என்று கேட்க நினைத்தாள். அந்தக் காலத்தில் மலைக்கு வேறு வண்டி கிடையாது; அது அவளைவிட யாருக்குத் தெரியும்?

"திரும்பச் சேர்த்துக்கலையா?"

"இல்லை" என்றாள் அந்தப் பெண்மணி. உச்சிக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கினாள். இறங்கும்போது மருமகளின் தோளை லேசாகத் தொட்டு, "போய்க் கையெழுத்துப் போடும்மா" என்று மட்டும் சொன்னாள்.

பதினொன்றே முக்காலுக்குப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் இருந்தார்கள். மருமகள் குழாயில் முகம் கழுவி, தலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். கண்டக்டரம்மா தாழ்வாரத்தில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக நீள மேஜைகளும் வரிசையாக அடுக்கிய பாட்டில்களும் வெள்ளைக் கோட்டு மாட்டிய இரண்டு பெண்களும் தெரிந்தார்கள். ஒருத்தி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எதையோ குறித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் வெளியே வந்தபோது முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சு, அத்தை. எட்டு நிமிஷம் மிச்சம். திங்கட்கிழமையிலிருந்து வரணும். தங்கறதுக்கு மேலயே ரூம் தராங்களாம், தினமும் ஏறி இறங்க வேண்டாம்." மாமியாரின் வாயிலிருந்து ஏதாவது வரும் என்று தயாராக நின்றாள். மாமியாரின் கண் இன்னும் கண்ணாடிக் கதவிலேயே இருந்தது. "என்ன அத்தை, உங்களுக்கும் தலை சுத்துதா?"

"சீட்டு விட்டுக்கொடுத்தாங்களே அந்த அம்மா" என்றாள் கண்டக்டரம்மா. "அவங்க என்ன வேலை பார்த்தாங்கன்னு நான் கேட்கவே இல்லை."

"எதுக்குக் கேட்கணும்?"

"அந்த வேலையை விட வெச்சது நான்."